எட்டாம் குப்பியில் நாலு மில்லி

1

இந்தக் கதையை ஒரு சீட்டை மறைப்பதற்காக எழுதுகிறேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

மேசையின் வலது ஓரத்தில் என் சகலை அனுப்பிய சீட்டு கிடக்கிறது. அரைப் பக்கம்தான். மேலே ஒரு வரைபடம், கீழே சில வரிகள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். சும்மா ஒரு வெள்ளைத்தாள் மேசையில் கிடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் அதில் எதையாவது எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அந்த 'எதையாவது'தான் இது.

இப்போது மணி இரண்டு பத்து. என் மனைவி தன் தங்கையோடு கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். ஐந்து மணிக்குள் வந்துவிடுவாள். வந்ததும் சீட்டைக் கேட்பாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பொருள், பார்வை, பத்தி எண் என்று பிரித்துப் பிரித்து எழுதிக் கை பழகிவிட்டது. கதைக்கும் எண் போட்டிருப்பது அதனால்தான், புதுமைக்காக அல்ல. விடுமுறை நாட்களில் கதை எழுதுவேன். சில அச்சில் வந்திருக்கின்றன. அப்படி வந்த ஒன்றில், தூக்கத்தில் பேசும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் அதை என் மனைவிக்கே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு விதி போடப்பட்டது: நான் எழுதிய எதுவும் அவள் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் வாசலைத் தாண்டக் கூடாது. இதுவரை மீறியதில்லை. இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள்.

(அ) "என் சகலை ஒரு பித்தலாட்டக்காரன்."

அடித்துவிட்டேன். மூன்று வாரமாக இந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். இன்று மதியம் அது பொய் என்று நிரூபணமாகிவிட்டது. நிரூபித்ததும் நானே.

(ஆ) "எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு முப்பட்டகக் கண்ணாடி இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அது அலமாரியை விட்டு வெளியே வரும். நாங்கள் அதைப் பார்த்ததைவிட அதன் பூட்டைப் பார்த்ததுதான் அதிகம். அந்த ஏக்கம்தான் பிற்காலத்தில் என்னை—"

நிறுத்திவிட்டேன். இந்த வழியில் போனால் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் எனக்காக இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். நான் செய்த காரியத்துக்கு அது அதிகம்.

(இ) "பொருள்: நீல மை, எட்டாம் தொகுதி, தண்ணீர் கலந்தது தொடர்பாக."

இது நன்றாகத்தான் வந்தது. ஆனால் முதல் வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. இருந்தாலும் இதை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

3

என் மனைவி பேனா மை தயாரிக்கிறாள். பின்னறையில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடி, ஒரு தராசு, சாயப்பொடி டப்பாக்கள், வடிகட்டும் துணி. அவ்வளவுதான் தொழிற்சாலை. எழுத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்று அவளுடைய முதல் குப்பி நீலத்தைப் பார்த்து மயங்கி, "இதே நீலத்தில் அறுபது குப்பி வேண்டும்" என்று கேட்டது. 'இதே' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ஏனென்றால் அதற்கு அடுத்த மாதம் அவளுக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்தது.

"என்னங்க, இந்தக் கண்ணை மூடிட்டு இதைப் பாருங்க" என்றாள் ஒருநாள், மை தோய்த்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு.

"உன் கண்ணை நான் எப்படி மூடிட்டுப் பார்க்கிறது?"

"விளையாடாதீங்க. வலது கண்ணுல பார்த்தா இது பளிச்சுனு நீலம். இடது கண்ணுல பார்த்தா துவைச்சுத் துவைச்சுப் பழசான நீலம். இதுல எது நிஜம்?"

டாக்டரிடம் கேட்டோம். "புது லென்சு பார்க்கிறதுதான் நிஜம்மா. இடது கண்ணுல இருக்கிற பழைய லென்சு, பழைய பேப்பர் மாதிரி மஞ்சளடிச்சிருக்கு" என்றார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் பார்த்த நீலமெல்லாம்?"

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முதல் குப்பியைக் கலந்தது அந்த மஞ்சளடித்த கண்களால். இனி அதே நீலத்தை எந்தக் கண்ணை நம்பிக் கலப்பது?

நான் அப்போது சொன்ன வாக்கியம் இது: "கவலைப்படாதே. கண்ணே இல்லாம அளக்கிற மாதிரி நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்."

[இங்கே வாசகர்கள் 'எவ்வளவு அன்பான கணவர்' என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதி வரைதான்.]

4

நிறமாலைமானி என்று பெரிய பெயர். நான் செய்தது ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே முழுக்கக் கறுப்புச் சாயம். ஒரு முனையில் இழை பல்பு. அதன் முன்னால் சதுரக் கண்ணாடிக் குப்பி, கட்டைவிரல் பருமன், அதில்தான் மை. அடுத்து இரண்டு சவர பிளேடுகளை முடி நுழையும் இடைவெளியில் ஒட்டிய பிளவு. அதற்கும் அப்பால் பழைய சினிமா டிவிடியின் ஒரு துண்டு, வெள்ளி உரிக்கப்பட்டது. கடைசியில் ஒரு வெப்கேமரா. பல்பின் வெளிச்சம் மைக்குள் புகுந்து, பிளவைக் கடந்து, டிவிடித் துண்டில் பட்டு வானவில்லாக விரியும். மை எந்த நிறத்தை எவ்வளவு விழுங்கியது என்று கேமரா பார்த்துச் சொல்லும். கணினியில் அது ஒரு மலைபோல வளைந்த கோடாக வரும். இரண்டு மை ஒன்றுதானா என்று தெரிய, இரண்டு மலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் போதும்.

நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், பல்பு போட்டு எத்தனை நிமிடம், அறையின் வெப்பம், மை எத்தனை சொட்டு, தண்ணீர் எத்தனை சொட்டு. மை அப்படியே வைத்தால் கருங்கல் மாதிரி வெளிச்சமே புகாது. ஒரு சொட்டு மைக்கு இருநூறு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். இருநூறையும் எண்ணினேன். நடுவில் அவள் கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன்.

முடிவு: அவள் அடுத்தடுத்துக் கலந்த இரண்டாம், மூன்றாம், நாலாம் தொகுதிகள் மூன்றும் முதல் குப்பியோடு அச்சாகப் பொருந்தின. உயரம் இம்மி பிசகவில்லை. "எல்லாம் ஒண்ணுதான்" என்று அறிவித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் அலுவலகத்தில் நான் எழுதிய பதில்களில்கூட ஒரு கனிவு தெரிந்ததாகப் பிரிவு மேலாளர் சொன்னார்.

பள்ளிக்காரர்கள் மூன்றையும் திருப்பி அனுப்பினார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று நடுவாந்தரம் என்று அடிக்குறிப்போடு.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. மலையின் இடது சரிவில் ஒரு சின்ன மேடு வரும், போகும். மற்ற நாட்களில் வரும். ஞாயிற்றுக்கிழமை வராது. நான் நோட்டில் எழுதினேன்: 'ஞாயிறுகளில் மேடு இல்லை. காரணம்: தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் மின்னழுத்தம் சீராக இருக்கலாம்.' இதற்காக மின்வாரியத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். (அவர்களும் எங்களைப் போலத்தான் பதில் போட்டார்கள். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.')

5

இப்போது சகலை உள்ளே வருகிறான். கொழுந்தியாளின் கணவன். பிரிண்டர், நகல் இயந்திரம் பழுது பார்ப்பவன். எப்போதும் விசிலடித்துக்கொண்டே வருவதால் குடும்பத்தில் அவனுக்குச் சீட்டி என்று பெயர். தெருமுனையில் திரும்பும்போதே விசில் கேட்கும். கேட்டதும் என் மனைவி டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

"அண்ணே, பொட்டி பிரமாதம்! என்ன கோளாறு?"

"அது ஒண்ணு சொல்லுது, உலகம் வேற ஒண்ணு சொல்லுது."

"வீட்டுக்காரி மாதிரின்னு சொல்லுங்க."

"தம்பி, உங்க வீட்டுக்காரி என் தங்கச்சி. பார்த்துப் பேசுங்க" என்றாள் என் மனைவி.

"ஐயோ அக்கா, நான் அண்ணன் வீட்டுக்காரியைச் சொன்னேன்."

அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் குனிந்தான். இத்தனை வருடக் குடித்தனத்தில் என்னை நோக்கி அவள் ஒரு கரண்டியும் ஓங்கியதில்லை. இதை ஒரு குறையாக முதல்முதலாக அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அவன் பெட்டி முன்னால் குந்தினான். கணினியில் எதையோ தேடி ஒரு சின்னக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தான்.

"அண்ணே, கேமரா தானாவே வெளிச்சத்தைச் சரி பண்ணிக்குது. மை கறுப்பா இருந்தா கண்ணை அகட்டிக்கும், வெளுப்பா இருந்தா சுருக்கிக்கும். நீங்க எதை வச்சாலும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லும். நல்ல மனசு அதுக்கு. ஆனா அளக்கிறதுக்கு ஆகாது."

நாற்பத்திரண்டு பக்கம் நோட்டு. ஒரு டிக்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை மேடு?" என்றேன், கடைசி நம்பிக்கையாக. மின்னழுத்தக் கொள்கையை விளக்கினேன். அவன் விசிலடித்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால போங்க."

போனேன்.

"முன்னால வாங்க."

வந்தேன்.

"பின்னால. முன்னால. பின்னால... அக்கா! இங்க வாங்க, அண்ணன் ஆடுறதைப் பாருங்க!"

திரையில் மேடு என்னோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடு உங்க சட்டைதான் அண்ணே. ஆபீஸ் வெள்ளைச் சட்டை. ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டு மூடி இடுக்கு வழியா உள்ள போகுது. ஞாயித்துக்கிழமை நீங்க பனியனோட இருப்பீங்க, அதுவும் பழசாகி மங்கிப் போயிருக்கும். அதான் மேடு வரல. மின்வாரியத்துக்கு இன்னொரு லெட்டர் போட்டுடுங்க, பாவம் தேடிட்டு இருக்கப் போறாங்க."

என் மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, போதும் தம்பி" என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள்.

சகலை போகும்போது தன் பையிலிருந்து ஒரு கருநீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தான். வேலைச் சட்டை, துவைத்தது. "அளக்கும்போது இதைப் போட்டுக்குங்க." நான் அதை அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். போட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை என்று எழுதினேன். இன்று மதியம்வரை என்று திருத்துகிறேன்.

6

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் சகலைக்கு ஒரு கெட்ட குணம் கொடுத்திருப்பான். பொறாமைப்படுகிறவன் பக்கம் கொஞ்சமாவது நியாயம் இருந்தால்தானே வாசகன் கூட வருவான்? முயற்சி செய்தேன்.

'சகலை வாக்குத் தவறுபவன்.' இல்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்பான். 'அளப்பதில் அக்கறை இல்லாதவன்.' இதுவும் நிற்கவில்லை. நான் இருநூறு சொட்டு எண்ணினேன், அவன் ஊசிக்குழாயில் அளந்து விட்டான். "சொட்டுக்குச் சொட்டு அளவு மாறும் அண்ணே" என்றான். நோட்டுப் போடாதது ஒன்றுதான் குறை. 'அவன் என் மனைவியை ஒரு மாதிரி—'

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். என் பொறாமைக்கும் ஒரு மரியாதை உண்டு. அவள் அவனைத் தம்பி என்றுதான் நினைக்கிறாள். அவன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். நான் எரிவது அதற்காக அல்ல.

எதற்காக என்று எழுதிவிடுகிறேன். அறுவை நடந்த அன்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு பெரிய குழாய் உடைந்து இருநூறு புகார் வந்திருந்தன. கூட இருந்தது தங்கையும் சகலையும். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும் அவள் கண் திறந்து முதலில் பார்த்தது அவன் சட்டையை. "தம்பி, உங்க சட்டை இவ்வளவு நீலமா!" என்றாளாம். இதைக் கொழுந்தியாள் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பாள். ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பல வருடம் கழித்து அவள் பார்த்த முதல் நிஜமான நீலம் அவனுடையது. நான் அப்போது, 'குழாய் உடைப்புச் சீரமைப்பு முன்னுரிமை அடிப்படையில்—' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த டிக்கை எடுத்த நாளுக்குப் பிறகு என்ன ஆகும்? மாதிரிகள் அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. என் பெட்டியைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை ஒரே மாலையில் அவன் செய்துவிட்டான், நகல் இயந்திரத்தின் உடைந்த உறையில். ஐந்தும் ஆறும் பொருந்தவில்லை என்றான். அவள் மறுபேச்சில்லாமல் சாக்கடையில் ஊற்றினாள். அவன் முடிவுகளைச் சீட்டில் அச்சடித்து அனுப்புவான். பழுது பார்த்த பிரிண்டர் ஓடுகிறதா என்று சோதிக்க எங்கள் வீட்டு நீலத்தின் மலையைத்தான் அடித்துப் பார்ப்பானாம். அந்தச் சீட்டுகள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தோடு ஏறின. என் நோட்டு பின்னறை ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

7

இனிதான் நான் செய்த காரியம். எழுதுவதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் அவள் ஏழாம் தொகுதியும் எட்டாம் தொகுதியும் கலந்தாள். தொகுதிக்கு ஒரு ஜாடி, ஜாடிக்கு முப்பது குப்பி. திங்கட்கிழமை பள்ளியில் கொடுத்தாக வேண்டும். இந்த முறையும் மாறினால் வேறிடம் பார்த்துக்கொள்வதாக எழுதிவிட்டார்கள். "இதுவும் திரும்பி வந்தா ஜாடியைக் கழுவிக் கவுத்துடுவேன்" என்று அவள் சொன்னாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதனால் அது நிஜம்.

இரண்டு ஜாடியிலிருந்தும் ஒவ்வொரு மாதிரிக் குப்பி நிரப்பி, சீட்டு ஒட்டி, சகலைக்கு அனுப்பும் வேலை என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலையாவது மிஞ்சியிருந்தது.

நான் இரண்டு குப்பியையும் ஏழாம் ஜாடியிலிருந்தே நிரப்பினேன்.

ஒன்றில் 7 என்று ஒட்டினேன், மற்றதில் 8 என்று. கணக்கு எளிது. இரண்டும் ஒன்றே என்று அவன் சொன்னால் தப்பித்தான். வேறுபாடு இருக்கிறது என்று சொன்னால் அவன் அளப்பதே இல்லை, விசிலடித்துக்கொண்டே வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறான் என்று ருசுவாகிவிடும். அப்புறம் மாதிரிகள் என் பெட்டிக்குத் திரும்பும். கரண்டியும் திரும்பும்.

இரண்டாம் குப்பியை நிரப்பும்போது புனல் சரிந்து கொஞ்சம் கொட்டிவிட்டது. துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் 7-இல் மை கழுத்துவரை இருக்கிறது, 8-இல் தோள்வரைதான். எனக்கு அது ஆகவே ஆகாது. அலுவலகத்தில் இரண்டு கடிதத்தின் ஓர இடைவெளி மாறியிருந்தாலே திரும்ப எழுதுகிறவன் நான். ஜாடியை மறுபடி திறக்கலாம் என்றால் சமையலறையிலிருந்து அவள் காலடிச் சத்தம். புனல் கழுவ வைத்திருந்த தம்ளர் பக்கத்தில் இருந்தது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் விட்டேன். நாலு மில்லி இருக்கும். இரண்டு குப்பியும் சமமாக நின்றன. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

நாலு மில்லித் தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை.

8

இன்று பன்னிரண்டரைக்குக் கொழுந்தியாள் வந்தாள், மாதிரிக் குப்பிகள் வைத்த அட்டைப்பெட்டியோடு.

"அத்தான், அவர் சீட்டு உள்ள இருக்கு. ஏதோ வேலைன்னு வெளியூர் போயிட்டாரு, திங்கட்கிழமைதான் வருவாரு. போன் போட்டாலும் எடுக்க மாட்டாரு, மிஷின் சத்தத்துல."

"என்ன எழுதியிருக்கான்?"

"எனக்கு அந்த மலையெல்லாம் ஏறத் தெரியாது அத்தான்."

என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மேசையில வைங்க. வந்து பார்க்கிறேன். பார்க்கிறதாவது, சொட்டு மருந்து விட்டா சாயந்தரம் வரைக்கும் எழுத்தே தெரியாது. நீங்கதான் படிச்சுச் சொல்லணும். தம்பி ஏதாவது மாத்தச் சொல்லியிருந்தா, நாளைக்குக் காலையில ஜாடியைச் சரி பண்ணிட்டுக் குப்பியில ஊத்திடறேன்."

அவர்கள் போனதும் சீட்டைப் பிரித்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, 7 அச்சா ஒண்ணாம் நம்பர் மாதிரியே இருக்கு. ஜெயிச்சிட்டீங்க. 8-ம் அதே சாயம்தான், மலையோட வடிவம் மாறல. உயரம் மட்டும் நூத்துக்கு ஏழு கம்மி. எங்கேயோ கொஞ்சம் தண்ணி சேர்ந்திருக்கு. அந்த அளவு சாயம் போட்டாச் சரியாயிடும். போடறதுக்கு முன்னாடி அண்ணன் பொட்டியிலயும் ஒரு தடவை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நான் மூணு தடவை அளந்தேன், எதையும் எழுதி வைக்கல. அண்ணன் மாதிரி நோட்டுப் போட எனக்கு வராது. அந்த நோட்டைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும்."

கடைசி வாக்கியத்தை நான் சேர்க்கவில்லை. இந்தக் கதையில் நான் சேர்க்காத ஒரே பொறாமை அதுதான்.

என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளைச் சட்டையைக் கழற்றினேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கருநீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். டிக் எடுத்திருக்கிறதா என்று பார்த்தேன். பல்பைப் போட்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். கண்ணாடிக் குப்பியின் தெளிந்த முகங்களைத் துணியால் துடைத்தேன், விரல் படாமல் சொரசொரப்பு முகத்தைப் பிடித்து வைத்தேன், குமிழியைத் தட்டி விட்டேன், சொட்டு எண்ணாமல் ஊசிக்குழாயால் அளந்தேன். மூன்று முறை.

6.9. 7.1. 7.0.

என் பெட்டி செய்து முடித்து நாலு மாதத்தில் முதல்முறையாக உண்மை சொன்னது. துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்ல? இந்த எண்களை நோட்டில் எழுதவும் முடியாது. எழுதினால் அது எனக்கு எதிரான வாக்குமூலம்.

பிறகு பின்னறைக்குப் போய் எட்டாம் ஜாடியிலிருந்து, நிஜமான எட்டிலிருந்து, கொஞ்சம் எடுத்து அளந்தேன். முதல் குப்பியின் மலைமேல் அது கோடு தெரியாமல் படுத்துக்கொண்டது. மஞ்சளடித்த ஒரு கண்ணையும் புதுக் கண்ணையும் வைத்துக்கொண்டு அவள் அதைச் சரியாகக் கலந்திருக்கிறாள். நாளை காலையில் சீட்டை நம்பிச் சாயம் போட்டால் முப்பது குப்பி கெட்டுவிடும். திங்கட்கிழமை ஜாடி கவிழ்ந்துவிடும்.

இப்போது மணி நாலரை.

9

முடிவுகள்.

(அ) சீட்டைப் படிக்கும்போது ஏழு சதவீதத்தை விட்டுவிடுகிறேன். "ரெண்டும் ஒண்ணுதானாம்" என்கிறேன். மை கெடாது. பள்ளி ஏற்றுக்கொள்ளும். அவள் மகிழ்வாள். சீட்டைக் கிழித்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. பத்து நிமிடம் இந்த முடிவோடு சந்தோஷமாக இருந்தேன். பிறகு, 'எதை வச்சாலும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்' என்ற குரல் விசிலோடு கேட்டது. தானாகக் கண்ணை அகட்டிச் சுருக்கிக்கொள்ளும் அந்தக் கேமராவாக நானே ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான். மேலும், திங்கட்கிழமை சகலை வந்து, "அக்கா, எட்டுக்குச் சாயம் போட்டீங்களா?" என்று கேட்பான்.

(ஆ) இந்தக் கதையை எட்டாம் குப்பியில் மிச்சமிருந்த மையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். (இதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் அச்சில் படிப்பதால் தெரியாது.) அவள் வருகிறாள். தாளை வலது கண்ணருகே தூக்கிப் பிடிக்கிறாள். எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரிகிறது. "இதுல தண்ணி கலந்திருக்கே" என்கிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். எல்லாம் புரிந்துவிடுகிறது.

கதைக்கு இதைவிட அழகான முடிவு கிடைக்காது. ஆனால் எழுதிய வரிகளில் நூற்றுக்கு ஏழு வித்தியாசத்தை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. முடிந்திருந்தால் இந்தப் பெட்டியே எதற்கு? அவளுடைய கண் என்னைக் காட்டிக்கொடுத்து நான் சொல்ல வேண்டியதை மிச்சப்படுத்தும் என்று எதிர்பார்ப்பது, கடைசி நிமிடத்திலும் அவளிடமே வேலை வாங்குவது. அடித்துவிடுகிறேன்.

(இ) "ஐயா/அம்மா, மேற்படி எட்டாம் குப்பியில் தண்ணீர் விட்டது நான்தான் என்பதைத் தங்களுக்குப் பணிவுடன்—"

கேட் சத்தம்.

10

இந்தப் பகுதி பிறகு எழுதியது. மையும் வேறு. எவ்வளவு பிறகு, எந்தக் குப்பி என்று சொல்ல மாட்டேன்.

அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். வாசல் நிலையிலேயே நின்றாள். மேசைப் பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தம்பி! ஊருக்குப் போகலியா? எப்ப வந்தீங்க?"

நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். கருநீலச் சட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு விநாடியில் நான் என்ன நினைத்தேன் என்றால், என்னைப் பார்த்து அவள் முகம் இப்படி மலர்ந்து எத்தனை நாளாயிற்று என்று. பொய்யாக மலர்ந்தாலும், மலர்ந்தது என் பக்கம்தானே?

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?" அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள். "இந்தச் சட்டையில நீங்க வேற மாதிரி இருக்கீங்க." நல்ல மாதிரியா கெட்ட மாதிரியா என்று சொல்லவில்லை. தடவித் தடவி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை டீ போட உள்ளே போனாள்.

"சரி, படிங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

மேசையில் இரண்டு படிக்கும்படியான பொருட்கள் இருந்தன. அடியில் சீட்டு, அரைப் பக்கம். மேலே இந்தக் கதை, ஒன்பது பகுதி. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

எதை என்று எழுத மாட்டேன். முதல் பகுதியில் ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் இப்போது உங்கள் வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

படித்து முடித்ததும் அவள் என்ன செய்தாள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன், அதனால் எதையும் நம்பவில்லை. நீங்கள் எழுதினால் நேர்மையாக இருக்கும். கோபப்பட வையுங்கள், அழ வையுங்கள், கரண்டியைத் தேட வையுங்கள். தடையில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவள் சிரிப்பதாக முடித்தீர்கள் என்றால், அந்த நேரத்தில் தெருமுனையில் விசில் சத்தம் கேட்கக் கூடாது.